இன்னைக்கு இறக்கியே பாத்துடலாம்

வடக்கு டகோட்டா,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சோல்வி,

நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், நியூசிலாந்தில் இப்போது வசந்தம், ஆட்டுக்குட்டிகள் பிறந்திருக்கும். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டரே மெச்சினார். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிப்போகிற லாரிகள் ரோட்டையெல்லாம் சேறாக்கி வைத்திருக்கின்றன. உன் அம்மா போனபிறகு இது இரண்டாவது குளிர்காலம். முதல் வருஷம் சர்ச்சிலிருந்து யாராவது சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள், இப்போது நின்றுவிட்டது, அவர்களைக் குறை சொல்ல முடியாது, எத்தனை நாளைக்குத்தான் செய்வார்கள். நான் பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே நின்றபடி சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். வானொலியில் கோதுமை விலை சொல்கிற ஆளோடு வாக்குவாதம் செய்கிறேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள யாரும் வராத நாளிலும் திடலுக்குப் போய் விமானக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், அடுத்த மாசம் நன்றித் திருநாள் விருந்துக்கு வரட்டுமா அப்பா என்று நீ கேட்டாய். அவ்வளவு தூரம் எதற்குக் கண்ணு, எனக்கு இங்கே தலைக்குமேல் வேலை கிடக்கிறது என்றேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் மார்லிஸ் கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வராது.

பள்ளி பஸ் ஓட்டும் மார்லிஸ் ட்வெய்ட்டை உனக்கு நினைவிருக்கும், உன்னையும் ஏற்றிக்கொண்டு போனவர்தான். ஐம்பது தாண்டியபிறகு விமானம் கற்றுக்கொள்ள ஆசை வந்து என்னிடம் சேர்ந்திருக்கிறார். எல்லோருக்கும் செய்வதைத்தான் அவருக்கும் செய்வேன், நல்ல உயரத்தில் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் கைப்பிடியைப் பின்னால் இழுத்து என்ஜினை அடக்கிவிட்டு, என்ஜின் போச்சு, எங்கே இறக்குவீர்கள் என்று கேட்பேன். அவர் வயலைத் தேர்ந்தெடுத்து, வேகம் குறையாமல் சறுக்கிக்கொண்டு வருவார், வேலிக் கம்பங்கள் தெளிவாகத் தெரிகிற உயரம் வந்ததும் நான் த்ராட்டிலை முன்னால் தள்ளுவேன், மேலே ஏறிவிடுவோம். நேற்றும் அப்படித்தான் தள்ளினேன். கைப்பிடி தொளதொளவென்று வந்தது, என்ஜின் முனகலிலேயே நின்றது. உள்ளே என்ஜினுக்குப் போகிற கம்பி கழன்றுவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மார்லிஸ் வயலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. அவ்வளவு அழகாகக் கொண்டுவருகிறார், விஷயத்தைச் சொன்னால் பதறிவிடுவாரோ, விமானத்தை நான் என் கையில் பிடுங்கிக்கொண்டால் எல்லாம் குலைந்துவிடுமோ என்று பயந்தேன். நல்லா வருது மார்லிஸ், இன்னைக்கு இறக்கியே பாத்துடலாம் என்றேன். பஸ் ஸ்டாப்பே இல்லாத இடத்துல நிறுத்தச் சொல்றீங்களே வாத்தியாரே என்று சிரித்தபடியே அவர் அறுத்த கோதுமைத் தாளடி வயலில் சக்கரங்களை வைத்தார். குலுக்கலில் என் தொப்பி விழுந்ததோடு சரி.

நின்றதும், திரும்ப எப்படிக் கிளம்புவது என்று கேட்டார். த்ராட்டிலை முழுக்கத் தள்ளிக் காட்டினேன். என்ஜின் அப்படியே முனகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார், இன்னும் வலிக்கிறது. உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டார். உயிரே போய்விட்டது என்றேன்.

"குரல்ல ஒண்ணுமே காட்டலியே வாத்தியாரே. நெசமாவே உங்களுக்கு ஏதாவதுன்னா பக்கத்துல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டினேன். அவர் வயலில் இறங்கி நின்று புருஷனை ஃபோனில் கூப்பிட்டார், அழுதார், சிரித்தார், திரும்ப அழுதார். புருஷனும் தம்பியும் வண்டியைப் போட்டுக்கொண்டு காப்பியோடு வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள், எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் ஃபோனை எடுத்தேன். உன் பெயர் வரை போனேன், நீ தூங்கிக்கொண்டிருப்பாய், பதறிவிடுவாய் என்று விட்டுவிட்டேன். கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

சோல்வி, எனக்கு வேலை தலைக்குமேல் இல்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது, நான் தனியாகக் கஷ்டப்படுகிறேன். வா கண்ணு. ஒரு வாரம் போதும், மாப்பிள்ளையும் வந்தால் இன்னும் சந்தோஷம். குளிர் அதிகம், கம்பளிக் காலுறை எடுத்து வா, காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. கடவுள் உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய், நான் அதே குரலில், எல்லாம் நன்றாக இருக்கிறது, வர வேண்டாம் என்பேன். நம்பாதே.

உன் அப்பா,
ஆரின் ஹாகன்