ஆஃபர் சம்பந்தி

என் அம்மா துளசிமணிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு உப்புச் சர்க்கரை. முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய சேதி, எல்லோருக்கும் சொன்ன பிறகு உனக்கு வருகிறது. மாப்பிள்ளைக்குத் துடியலூர். பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். குறை சொல்ல இதுவரை வேறு எதுவும் கிடைக்கவில்லை.

பிள்ளையார் கோயிலில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். நம் பக்கத்துத் தட்டத்தை நீ பிடித்திருக்க வேண்டும். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிவிட்டது. உன் இடத்தில் யார் நிற்பது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது.

கோகிலா அக்கா தன் மாமியாரைச் சொன்னாள். "எங்க அத்தையே புடிக்கட்டும்டி. பெரிய மனுசி. நமக்கு வேற யாரு இருக்கறாங்க?" அப்பா வழக்கம்போல, "நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் முடியாது என்றேன். உனக்கு 'ஆஃபர் சம்பந்தி' என்று பேர் வைத்த ருக்குமணி அத்தை உன் இடத்தில் நின்று உப்பு மாற்றக் கூடாது. அக்காவுக்குக் கோபம். ஆனால் அந்தப் பேர் உனக்கு வரக் காரணமானவள் யார் என்பது அக்காவுக்குத் தெரியாது. உனக்கும் பாதிதான் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கருமத்தம்பட்டியில் அந்தத் தள்ளுபடி மார்ட் திறந்தபோது நம் தெரு அதை நம்பவில்லை. சோமனூர்க்காரர்களுக்கு மலிவு என்றால் ஒரே அர்த்தம்தான். ஏற்றுமதிக்குத் தைத்து, ஓட்டை என்றும் கறை என்றும் கழித்துப்போட்ட பனியனைக் குறைந்த விலைக்கு விற்பார்கள். அதற்கு செகண்ட்ஸ் என்று பேர். பருப்பு விலை குறைவாக வந்தால் அதுவும் செகண்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. மார்ட்டுக்கு ஒரு நல்ல பேர் இருந்தும் நம் தெருவில் அது 'செகண்ட்ஸ் கடை'தான். கப்பலில் போய்த் திரும்பி வந்த பருப்பு என்று எதிர்வீட்டு சாந்தாமணி அக்கா, கப்பலையே பார்த்த மாதிரி சொன்னார்.

"துளசிக்கா, நாஞ் சொல்றதக் கேளுங்க. செகண்ட்ஸ் பனியன்னா புடிக்காட்டிக் கழட்டிப்போடலாம். செகண்ட்ஸ் பருப்பு வகுத்துக்குள்ள போயிருமுங்க."

"அதெப்புடி சாந்தா, பருப்புல தையல் உட்டுப்போகுமா?" என்று கேட்டாய். அவரும் சிரித்துவிட்டார்.

கேட்டாயே தவிர உனக்கும் பயம்தான். முதல் தடவை அரைக் கிலோ பாக்கெட் ஒன்று வாங்கி வந்தாய். தெருக்கடைப் பருப்பு ஒரு கிண்ணம், மார்ட் பருப்பு ஒரு கிண்ணம் என்று ஒரே குக்கருக்குள் வைத்தாய். நாலு விசில். மார்ட் பருப்பு வெண்ணெய் மாதிரி மசிந்தது. தெருக்கடைப் பருப்பு முழித்துக்கொண்டு கிடந்தது. "இத்தன வருசமா நமக்கு செகண்ட்ஸ் போட்டது யாருன்னு இப்பத்தான் தெரியுது" என்றாய். பரிசோதனை செய்து பார்த்து ஒரு கடையைப் பற்றி முடிவுக்கு வந்த ஒரே ஆள் நம் தெருவில் நீதான். மற்றவர்களுக்கெல்லாம் பேச்சே போதுமாக இருந்தது.

அப்புறம் மாதம் ஒரு ஞாயிறு டவுன் பஸ் ஏறிப் போவாய். ஆனால் திரும்பி வரும்போது சாமான் எல்லாம் ஒரு பட்டுச்சேலைக் கடைப் பையில் இருக்கும். மார்ட் பை மடித்து அடியில் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"திருடிட்டா வாரே? எதுக்கு மறைக்கறே?"

"உனக்கென்ன அம்மணி, வேலைக்குப் போயிருவே. தெருவுல இருக்கறவ நானு. கேக்கறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது."

நான் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாளெல்லாம் துணியில் குறையைத் தேடி, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எதையும் ஒட்டிக் காட்டிவிடுவதுதான் நேர்மை, மறைப்பது கோழைத்தனம் என்று எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. அந்தத் திமிரில் இருந்தபோதுதான் அக்காவின் உப்புச் சர்க்கரை வந்தது.

அக்கா விரும்பியது பதினாறு தறி ஓடுகிற வீட்டுப் பையனை. நீ இன்னொருவருடைய தறிக் குடோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாய். அவர்கள் சம்மதித்தார்கள், ஆனால் எங்கே குறை அகப்படும் என்று பார்த்துக்கொண்டேதான் சம்மதித்தார்கள். உனக்கு அது தெரிந்திருந்தது. அன்று காலை அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "கண்ணு, சக்கரையையும் உப்பையும் பாக்கெட்டுல இருந்து பித்தளைக் கிண்ணத்துல கொட்டி வெச்சுப்போடு. மறந்துபோடாத."

சர்க்கரையைக் கொட்டினேன். உப்பு பாக்கெட்டின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.' அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நம்மிடம் இருக்கிற உப்பு இதுதானே, இதில் என்ன வெட்கம், பார்க்கட்டுமே என்று பாக்கெட்டை அப்படியே தட்டத்தில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடினேன்.

நான் மறந்துவிட்டதாகவே கடைசி வரை நினைத்தாய். மறக்கவில்லை அம்மா.

கோயிலில் துணியை எடுத்ததும் ருக்குமணி அத்தை குனிந்து, எழுத்துக் கூட்டுவது போல ஸ்டிக்கரைப் படித்தார். நிமிர்ந்து, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க சம்பந்தி, உப்புக்குமா ஆஃபரு? அப்ப மூத்தவளக் கட்டுனா சின்னவ சும்மாங்களா?" என்றார்.

பின்னால் ஒரு ஆள், "செகண்ட்ஸ் கடை உப்புங்கோ, கரிக்குதான்னு நக்கிப் பாத்துட்டு வாங்குங்க!" என்றார். இரண்டு பக்கமும் சிரித்தது. நம் பக்கமும்தான்.

"என்ன தப்பு?" என்று கேட்கத்தான் நான் அந்த பாக்கெட்டை வைத்தேன். அதைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். என் வாய் திறக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "அவசரத்துல நாந்தானுங்க வெச்சுப்போட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாய். பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து, உன் உள்ளங்கையில் கொட்டி, கையாலேயே கொடுத்தாய். கால் கிலோ உப்புக்கு ஐம்பது பேர் முன்னால் மன்னிப்பு.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், "ஆஃபர் சம்பந்தி வந்தாச்சு, எலையப் போடுங்க" என்று அத்தை வரவேற்பார். நீயும் கூடவே சிரிப்பாய். பேரனுக்கு மொட்டை அடித்த அன்றும் சிரித்தாய். ஆனால் அக்காவின் உப்புச் சர்க்கரைக்குப் பிறகு நீ மார்ட்டுப் பக்கமே போகவில்லை. மறுபடி தெருக்கடைப் பருப்பு, வேகாத பருப்பு. மார்ட்டில் ஆஃபர் போடும்போதெல்லாம் அந்தத் தெருக்கடைக்காரர் அங்கிருந்து சோப்பையும் எண்ணெயையும் வண்டி நிறையக் கட்டி வந்து, முழு விலைக்கு உன்னிடம் விற்றார் என்பது உனக்குத் தெரியுமா? உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது அந்த மார்ட்டைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பக்கத்து இடத்தையும் வளைத்துப் போட்டுப் பெரிதாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் கிடையாது. வாத்தியார்கள் வருகிறார்கள், பேங்க்காரர்கள் வருகிறார்கள். சாந்தாமணி அக்கா, "எண்ணெய் அங்க வாங்குனாத்தான் எனக்கு ஒத்துக்குது" என்கிறார். யாரும் பையை மாற்றுவதில்லை. செகண்ட்ஸ் கடை என்ற பேரை வைத்தவர்களே அப்படி ஒரு பேர் இருந்ததா என்று கேட்கிறார்கள்.

நீ வாங்கியபோது அது இல்லாதவள் வேலை. கார் வைத்திருப்பவர் வாங்கினால் விவரமான ஆள். பருப்பு அதேதான். வாங்குகிறவரைப் பார்த்துத்தான் கடைக்கு மரியாதை வருகிறது. இப்போது இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது: முன்ன மாதிரித் தரம் இல்லை, பிஸ்கட் பாக்கெட் இளைத்துவிட்டது, போனிலேயே சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று. இன்னும் இரண்டு வருஷத்தில் வேறு எங்காவது போய்விடுவார்கள். புகழ்கிறவர்களும் சரி, திட்டுகிறவர்களும் சரி, பில் போடுகிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு ஸ்டூல் கூட இல்லை. அதைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் நான் அங்கே போனேன். ருக்குமணி அத்தை தள்ளுவண்டி நிறையச் சாமானோடு பில் வரிசையில் நின்றிருந்தார்.

"வா அம்மணி! எண்ணெய் கடேசி வரிசைல இருக்குது, ஓடு. ஒண்ணுக்கு ஒண்ணு சும்மா."

"நீங்களும் இங்கதானுங்களா அத்தை?"

"பின்ன? வெளிய வாங்கறவன் ஏமாளி. ஒரு வருசமா மளிகை பூரா இங்கதான்." குரலைத் தாழ்த்தினார். "தறி எட்டு போயிருச்சல்ல, பழைய இரும்புக்கு. கொஞ்சம் பாத்துத்தான் இருக்கோணும்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இதற்கு மேல் தள்ளிப் போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. "அத்தை, அக்காளோட உப்புச் சர்க்கரைக்கு அந்த உப்ப வெச்சது அம்மா இல்லீங்க. நானு. தெரிஞ்சேதான் வெச்சேன்."

"எந்த உப்பு?"

நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. உன்னை ஒரு கடையிலிருந்தே துரத்திய விஷயம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. முழுதும் சொன்னேன். வழியை மறித்து நின்றதற்கு இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள்.

"அட, அதையா இன்னும் நெனச்சுட்டிருக்கறே? அன்னைக்கு இந்தக் கடையப் பத்தி யாருக்குத் தெரியும்? இப்பத்தான் நாங்களே இங்க வாங்கறமே. அது சரியாப்போச்சு, உடு."

"கடையப் பத்தி மனசு மாத்திக்கிட்டீங்க. எங்கம்மாளப் பத்தி மாத்திக்கிட்டீங்களா?"

அத்தை வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தான் வெச்சேன்னு உங்கம்மாதான அம்மணி சொன்னா?"

"என்னையக் காட்டிக்குடுக்காம இருக்கத்தான் அப்புடிச் சொன்னாங்க."

"பொறவு எத்தனையோ தடவ வந்தாளே. ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க சிரிச்சுட்டிருந்தீங்க. எப்பச் சொல்றது?"

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் அப்புடியே கூப்புட்டுப் பழகிப்போட்டேன்." அப்புறம், "இப்ப நா என்ன பண்ணோணும்ங்கறே?" என்றார்.

"என் உப்புச் சர்க்கரைக்கு எங்க பக்கத்துத் தட்டத்த நீங்களே புடிங்க. கையில வாங்கறப்ப, 'துளசிமணி எடத்துல நிக்கறேன்'னு சத்தமாச் சொல்லுங்க. ஆஃபர்னு சொல்லாம, பேரச் சொல்லி."

"அத்தன பேரு முன்னாலயா?"

"அத்தன பேரு முன்னாலதானுங்க சிரிச்சீங்க."

"வாய் நீளம்டி உனக்கு" என்றார். திட்டாகவும் இல்லை, பாராட்டாகவும் இல்லை. வரிசை நகர்ந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பாமலே, "சொல்றேன்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆளும் இல்லை.

ஆக, தட்டம் அவர்தான் பிடிக்கிறார். அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். உனக்கு இதில் சம்மதமா? சம்மதம் என்றுதான் சொல்லுவாய். நீ யாருக்குத்தான் முடியாது என்று சொன்னாய்?

அன்று கூட்டத்தைப் பார்த்ததும் அத்தைக்கு மனசு மாறலாம். அப்படி மாறினாலும் நான் விடப் போவதில்லை. அவர் உன் பேரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், உப்பு கை மாறுவதற்கு முன்னால் நான் பேசுவேன். அக்காவின் உப்புச் சர்க்கரையில் அந்த ஆஃபர் பாக்கெட்டை வைத்தவள் நான், பேர் வாங்கியவள் என் அம்மா என்று, இரண்டு வீட்டார் முன்னாலும் சொல்வேன். துடியலூர்க்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அக்கா அழுகிறாள். அதனால் மாப்பிள்ளையிடம் போனில் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முழுதும் கேட்டார். அப்புறம், "சொல்லி முடிச்சுட்டே மாத்திக்கலாங்க. நாங்க நிக்கறோம்" என்றார்.

நீ நிம்மதியாக இரு. இனி நம் உறவில் யாராவது உன்னை அந்தப் பேரால் கூப்பிட்டால், அது என் கல்யாணப் பந்தியாகவே இருந்தாலும், இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். இது சத்தியம்.

துளசிமணியின் இளைய மகள்,
பூங்கொடி