மாத்திரைத் தீர்மானம்

செப். 18, புதன்

காலையிலிருந்து புழுக்கம். வாய்க்காலில் தண்ணீர். நாற்றங்காலுக்கு ஆள் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. இவருக்கு இடுப்பில் வலி தாங்கவில்லை. புற்று எலும்புக்கு இறங்கிவிட்டதாம். தஞ்சாவூர் டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை நாளையோடு சரி.

செப். 19, வியாழன்

வாங்க: மாத்திரை, ரவை, கொசுவத்தி. ரவையும் கொசுவத்தியும் கிடைத்தன.

மெடிக்கல் ஷாப் பாய் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போதை தரும் எந்த மாத்திரையும் ஊருக்குள் விற்கக் கூடாது என்று போன மாதக் கிராம சபையில் தீர்மானம். இதுவும் அதில் வருகிறதாம். "நீங்கதானே மெம்பரம்மா முன்மொழிஞ்சீங்க?"

நான்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பையன்கள் மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டு கிடந்தார்கள். போதைக்கு எதிரான டெல்லிச் சட்டம் டெல்லியிலேயே இருந்தது. நாலு வருஷமாக வார்டு மெம்பர் என்று பேர்தான் எனக்கு. ஊர் கூப்பிட்டது இவரை. அன்றைக்குத்தான் நானே எழுந்து பேசினேன். கைதட்டினார்கள். 'டாக்டர் சீட்டு இருந்தால் தரலாம்' என்று சேர்க்கட்டுமா எனச் செயலர் கேட்டார். வேண்டாம், எல்லாம் கள்ளச் சீட்டு என்றேன். என் வாய்.

செப். 20, வெள்ளி

பக்கத்துத் திருக்காட்டுப்பள்ளிக் கடைகளில் இந்த மாத்திரை வைப்பதில்லை. தஞ்சாவூர் போய்வர அரை நாள். இவரைத் தனியே விட்டு எப்படி? மகன் சிங்கப்பூரில்.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போன். மருந்துக் கடையைத் தடுக்க ஊராட்சிக்கு அதிகாரமே கிடையாதாம், மேலே உள்ளவர்கள் விஷயமாம். பாயிடம் சொன்னேன். இருக்கலாம், ஆனால் சண்டைக்குக் கடை முன்னால் வந்து நிற்கப்போவது ஊரா, மேலே உள்ளவர்களா என்றார். அதிகாரமே இல்லாத தீர்மானம்தான் இங்கே செல்லுபடி.

இவரிடம் சொன்னேன். வலியிலும் சிரிப்பு. "நம்ம ஊருல ஒரு தீர்மானம் நடைமுறைக்கு வந்து இப்பதான் பாக்குறேன்." எரிச்சலாக வந்தது. பிறகு அழுதேன்.

செப். 21, சனி

ராத்திரி முழுக்கச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். மதியம் மறுபடி கடைக்கு. பாய் மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி மேசைக்கடியில் நீட்டினார். பில் இல்லை. "உங்களுக்கு மட்டுந்தாம்மா. வெளியில தெரிய வேணாம்."

வாங்கியிருக்கக் கூடாது. வாங்காமல் எப்படி வீட்டுக்கு வருவது?

பின்னாலேயே செல்வி வந்தாள், எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவள். கையில் தஞ்சாவூர் சீட்டு. மாமியாருக்கு மார்பில் புற்று. பாய் அவளுக்கு இல்லை என்றார், தீர்மானம் என்றார். என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன்.

"நல்லதுக்குத்தானே போட்டீங்க அக்கா. பல்லக் கடிச்சிக்கிட்டு இருன்னு அதுகிட்ட சொல்லிருக்கேன்."

ஆமாம் என்றேன். பொட்டலம் கைப்பைக்குள்.

செப். 22, ஞாயிறு

இவர் தூங்கி எழுந்தார். முகம் தெளிவு. கஞ்சியும் துவையலும் கேட்டார். சீட்டுக்குத் தரலாம் என்று தீர்மானத்தைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். அடுத்த கிராம சபை அக்டோபர் 2-இல்தான். அதுவரை?

கஞ்சி குடித்துக்கொண்டே இவர், மாத்திரை எப்படிக் கிடைத்தது என்றார். பாய் கொடுத்தார் என்றேன்.

"எல்லாருக்குமா குடுக்குறாரு?"

துவையல் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.