பெஞ்சுக்குச் சம்பளம்

2019 செப்டம்பர் 2

ரேடியோவில் டேவிட் புயலைப் பற்றிப் பேசினார்கள். நாற்பது வருடம் ஆகிவிட்டதாம். அந்த வருடம் ஜனவரியில் போப் எங்கள் தீவுக்கு வந்தார். ஆகஸ்ட் கடைசியில் புயல் வந்து பாதி ஊரின் தகரக் கூரையைக் கரும்புக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டது. எங்கள் சர்க்கரை ஆலை பேஸ்பால் அணி, இருந்ததையெல்லாம் ஒருத்தன் தோளை நம்பிக் கட்டியதும் அதே வருடம்தான்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். எழுத்து, எனக்கு அறுபது வயதில் என் மனைவி நெரெய்தா கற்றுக்கொடுத்தது. ஞாபகம் மட்டும் என் சொந்தம்.

செப்டம்பர் 3

ஊரார் சேர்க்கும் பணம் ஒரே பானை. எல்லா ஆட்டக்காரருக்கும் அதிலிருந்துதான் சம்பளம். புயல் வருடம் பானை நிறையவில்லை. லெயோன்சியோ புயெயோ என்ற பிட்சர் அதில் பாதியைக் கேட்டான். அவன் எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். அவனை எடுத்துக்கொண்டு, மாற்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் இரண்டாவது கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிறவன்.

அணித் தலைவர், மளிகைக் கடை ஒக்தாவியோ, என் வீட்டுக்கே வந்தார். “அபெலார்தோ, கோவிச்சுக்காதப்பா. நீ பெஞ்சத் தேய்க்கிறவன். பெஞ்சுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா?”

“பெஞ்சு காலியா கெடக்குறப்ப தெரியும், முதலாளி.”

சிரித்தார். கெட்டவர் இல்லை. அவர் கூரையும் போயிருந்தது.

செப்டம்பர் 4

கை வலி.

செப்டம்பர் 7

அந்தப் புயல் வருட இறுதி ஆட்டம், எங்கள் மைதானம். நான் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது சுற்றில் எங்கள் கேட்சர் பியென்வெனிதோவின் கட்டைவிரல் பிளந்தது. எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். பெஞ்சில் தண்ணீர்க் குடம் இருந்தது.

“அபெலார்தோவ எறக்குங்கடா!” என்று கத்தினார்கள். பட்டியலில் பெயர் நீக்கியவனை எப்படி இறக்குவது? தூரத்தில் நின்று உயரப் பந்து பிடிக்கிற பெர்மின் செவெரினோவுக்குக் கேட்சர் முகமூடியை மாட்டிவிட்டார்கள்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அவர்களில் இன்னும் ஒருவன் அவுட்டானால் எங்களுக்கு வெற்றி. ஓடுவதற்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். லெயோன்சியோ எறிந்த பந்தில் மட்டைக்காரன் மூன்றாவது முறையாகக் காற்றை அடித்தான்; மூன்று தவறினால் அவன் அவுட். தொப்பிகள் மேலே பறந்தன. ஆனால் அந்தப் பந்தைக் கேட்சர் பிடித்தால்தான் அவுட். பந்து பெர்மினின் கையுறைக்கு அடியில் புகுந்து வேலிவரை ஓடியது. இரண்டு பேரும் ஓடி முடித்து ஆளுக்கொரு ஓட்டம் எடுத்துவிட்டார்கள். பிறகு எங்கள் முறையில் ஒன்றும் நடக்கவில்லை, தோற்றோம்.

அன்றிலிருந்து அவன் பெயர் சல்லடை. அன்று பிறக்காதவன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். அந்த மைதானத்தில் அவன் பிறகு கால் வைக்கவில்லை.

டிசம்பர் 15

அந்த அணிக்கு ஜனவரியில் விழா. லெயோன்சியோ நியூயார்க்கிலிருந்து வருகிறானாம். டோமினோ ஆடும்போது பெர்மினிடம் சொன்னேன்.

“நீ போ. உன்னத் தொரத்தினாங்க, நீ தப்பிச்சே. என்னைய வெச்சுக்கிட்டாங்க.”

“வயசாயிடுச்சுடா, இன்னுமா?”

“கட்டையப் போடு.”

அவன் போகாமல் நான் மட்டும் போய் என்ன செய்ய?

2020 ஜனவரி 18

லெயோன்சியோ நேராகப் பெர்மின் வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவனுக்குத் தலை நரைத்து, வலது தோள் இறங்கிப்போயிருந்தது. பெர்மின் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கு ஒங்க கை நடுங்குனத நான் பாத்தேன்.”

லெயோன்சியோவே தொடர்ந்தான்.

“மெதுவா எறிஞ்சிருக்கலாம். அந்த மட்டைக்காரனுக்கு அதுவே போதும். ஆனா கூரை இல்லாத சனங்க குடுத்த காசு. வேகத்துக்குன்னு குடுத்தது. கொறச்சு எறிஞ்சா ஏமாத்துன மாதிரின்னு நெனச்சேன்.”

பெர்மின் அப்போதுதான் எழுந்தான். “இத நாப்பது வருசமா எங்கடா வெச்சிருந்தே, படுபாவி?” பிறகு உள்ளே திரும்பி, “காப்பி போடும்மா, மூணு பேருக்கு” என்றான்.

ஜனவரி 19

பெர்மின் வந்தான்! இஸ்திரி போட்ட சட்டை. பியென்வெனிதோ உயிரோடு இல்லாததால் முதல் பந்தைப் பிடிக்க அவனையே நிற்க வைத்தார்கள். கூட்டத்தில் எவனோ “சல்லடை!” என்றான். லெயோன்சியோ எறிந்தான். பாதி வழியிலேயே பந்து மண்ணில் விழுந்து, உருண்டு, அவன் காலடிக்கு வந்தது. பெர்மின் குனிந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினான்.

“இதுக்கா பாதிப் பானையக் குடுத்தீங்க?”

மைதானமே சிரித்தது. முதலில் சிரித்தது லெயோன்சியோ.

மே 9

நியூயார்க்கில் லெயோன்சியோ போய்விட்டான். இந்தப் புதுக் காய்ச்சல்தான். அடக்கத்துக்கு யாரையும் விடவில்லையாம். பெர்மின் சன்னலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனான்.

மே 10

மளிகைக் கடைச் சுவரில் அந்த வருடத்து அணியின் படம் இருக்கிறது. நான் அதில் இல்லை. சாமான் வாங்கப் போனவன் சற்று நேரம் நின்று பார்த்தேன். நடுவில் லெயோன்சியோ. பக்கத்தில் ஒக்தாவியோ, பியென்வெனிதோ. எல்லாரும் போய்விட்டார்கள். ஓரத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறவன் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறான். பெர்மின் செவெரினோ.