கோட்டைச் சுவரடி ஊற்று

தங்கச்சி ஷிம்லா,

உச்சமுனைக்கு அப்பால், மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் இடிந்த கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். உன் மாப்பிள்ளை காணாமல் போகுமுன் கடைசியாகப் படம் பிடிக்க வந்த இடம் இதுதான். சுவரடியில் நல்ல தண்ணீர் ஊறுகிறது.

இங்கு வருபவர்கள் தண்ணீர் குடித்த தேங்காய்ச் சிரட்டையை ஊற்றருகே நிமிர்த்தி வைப்பார்கள், புறப்படும்போதுதான் கவிழ்ப்பார்கள். யாரும் மிச்சமில்லை என்று அதைப் பார்த்துத்தான் தோணிக்காரர்கள் கிளம்புவார்கள். நிமிர்ந்து கிடந்த ஒரு சிரட்டையில் மணல் நிரம்பியிருந்தது. பக்கத்தில் கிடந்த செருப்பைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

மணலைக் கொட்டிவிட்டுக் கவிழ்க்கப் போனேன். தோணிக்கார இஸ்ஹாக் கையைப் பிடித்தார். "வேணாம் தம்பி. ஆள் இன்னும் போகல்லயே."

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லை. போனுக்கு சிக்னல் இல்லை. கடிதத்தை இஸ்ஹாக்கிடம் கொடுத்துத் தோணியை அனுப்புகிறேன். உம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

இப்போது ஊற்றருகே நிமிர்ந்திருக்கும் சிரட்டைகள் இரண்டு.

துஆ செய்.

உன் நானா