படிக்கட்டில் லிஃப்டுப் பெட்டி

கரமனை, வெள்ளி இரவு, 2006.

வெங்கடேசனாகிய நான், இன்று மருத்துவமனையில் நடந்ததை உள்ளபடி பதிகிறேன். பார்வையற்றோரின் கைபேசிக்கு இடத்தின் பெயரைச் சொல்லும் ப்ளூடூத் பெட்டிகளைச் சுவர்களில் பொருத்தியிருந்தோம். வெள்ளையடித்தவர்கள் அவற்றைக் கழற்றி, ஒன்றுபோல் இருந்ததால் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். சோதிக்க வந்த பார்வையற்ற செல்வின், படிக்கட்டு விளிம்பில் தடுமாறி என்னைப் பற்றிக்கொண்டார்.

"சாரே, லிஃப்டுன்னு சொல்லிச்சு, காலை வச்சா படியாக்கும்! இது மேலோகத்துக்கு வழி சொல்லுத பெட்டியா?" என்று சிரித்தார்.

பெட்டிகளைச் சரிசெய்யும்வரை திறப்பு விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னேன். மருத்துவமனை மேலாளர் சுகுமாரன் அசையவில்லை. "சாமி, நாளைக்கு மந்திரி வந்து இதைத் திறக்கட்டும், பின்னே சரியாக்கலாம். அதுக்குள்ள யாரு விழப்போறா?"

ஒவ்வொன்றையும் சோதித்து மாட்ட நாளைக்குள் முடியாது. பெட்டிகளுக்குப் பொறுப்பு நான். விடியுமுன் சென்று அவற்றின் பாட்டரிகளைக் கழற்றுவேன். மந்திரியிடம் காரணத்தையும் நானே சொல்வேன்.