உடம்பை விட்டுப் போகாத மருந்து

என் ஆசை அம்மாவுக்கு,

நீ கண்மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். தம்பி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். இதெல்லாம் நல்ல செய்தி. வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. எனக்கு மாத்திரையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, அம்மா.

இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் நின்று நின்று உன் முட்டு வீங்கிவிடும். வேலைக்குக் கிளம்பும்போது, "ஏளா, அந்த வலி மாத்திரைய எடு" என்பாய். நான்தான் எடுத்துத் தருவேன். எத்தனை வருஷம் தந்தேன்? கிட்னி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, "கால் வலிக்குப் போட்டதுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?" என்று என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை.

இப்போது தெரியும். விழுங்கிய மாத்திரை கரைந்து, பெரும்பாலும் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேருகிறது. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பங்கு உருமாறுகிறது. மிச்சம் உடம்பெல்லாம் சுற்றுகிறது. வலிக்கிற முட்டுக்கு மட்டும் போக அதற்குத் தெரியாது. அந்த வலி மாத்திரை கிட்னிக்கு ரத்தம் வருகிற குழாயையும் சுருக்கிவிடும். வகுப்பில் இதை எழுதும்போது பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன். நீ இருந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பாய்?

போன மாதம் மெடிக்கல் வார்டில் எனக்குப் போஸ்டிங். புன்னைக்காயலிலிருந்து அந்தோணியம்மாள் என்று ஒருவர் வந்திருந்தார். உன் வயசுதான் இருக்கும். இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறலோடு சேர்ந்தவர். அவருக்குக் காலையில் டிஜாக்சின் மாத்திரை. துடிப்பை நிதானமாக்கி வலுவாக்குகிற மருந்து அது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கலாம் என்பதால், கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற அவசரம். நான் பதினைந்து விநாடிதான் எண்ணினேன். பதினைந்து வந்தது. நாலால் பெருக்கி அறுபது என்று எழுதி, மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை அவர் இட்லியைத் தொடவில்லை. இரண்டு தடவை வாந்தி. "மக்கா, செவரெல்லாம் ஏன் மஞ்சளா தெரியுது?" என்று கேட்டார். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. டிஜாக்சின் மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று படித்திருந்தேன். முழு நிமிடம் எண்ணினேன். நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறு.

வார்டு நர்ஸ் ஜெபராணி அக்காவிடம் ஓடினேன். "அக்கா, டிஜாக்சின் குடுக்கல. நாப்பத்தெட்டுக்குக் கீழ போகுது."

"நேத்து எவ்வளவு?"

"அறுபதுன்னு எழுதியிருக்கேன். ஆனா முழுசா எண்ணலக்கா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இத டாக்டர்ட்டயும் சொல்லுவியா?"

"சொல்லுதேன்" என்றேன்.

டாக்டர் வந்தார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் டிஜாக்சின் மிக அதிகமாக இருந்தது. கிட்னி மோசமாகியிருந்தது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார் அந்தோணியம்மாள். டாக்டர் நகர்ந்தபின் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, கால் வலிக்கு எதுவும் போடுவியளா?"

தலையணைக்குக் கீழிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "இது முட்டு வலிக்கு. கடையில வாங்குதது. ஏளா, டாக்டரு எழுதித் தாறதத்தான மாத்திரைம்பாவ?"

நீ போட்ட அதே மாத்திரை, அம்மா. அட்டையை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். டிஜாக்சின் பெரும்பாலும் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். வலி மாத்திரையால் கிட்னி தளர்ந்ததும் அது போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்டது. நேற்றையது போகுமுன் இன்றையது சேர்ந்தது. எழுதிக் கொடுத்த அளவு சரி, மாத்திரை சரி, நேரமும் சரி. ஆனாலும் விஷமாகிவிட்டது.

இரண்டையும் நிறுத்தினார்கள். மானிட்டர் ஒவ்வொரு தடவை சத்தம் போடும்போதும் என் உயிர் போய்வந்தது. நடந்ததை என் பெயர் போட்டு எழுதச் சொன்னார்கள். "பயமா இருக்கா? இருக்கட்டும். எழுதி முடி" என்றார் ஜெபராணி அக்கா. நான் கொடுத்த ஒரு மாத்திரையால் மட்டும் இப்படி ஆகவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் ஒரு நாள் முன்னாலேயே தடுத்திருக்கலாமே?

வெள்ளிக்கிழமை துடிப்பு ஐம்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை அறுபத்தெட்டு. அன்று அவர் கஞ்சி குடித்தார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் ட்ரேயோடு போனபோது, "நீ வேண்டாம். அந்தப் பிள்ள வரட்டும்" என்றார். ட்ரேயை இன்னொரு மாணவியிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று அவரே என்னைக் கூப்பிட்டார். "எந்த மாத்திர ஆவாதுன்னு பெருசா எழுதிக் குடு. எம் மருமவ படிப்பா." எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

வருகிற திங்கட்கிழமை முதல் எனக்குக் குழந்தைகள் வார்டு. பிறந்து சில நாளே ஆன பிள்ளைகள். அவர்களுடைய கல்லீரலும் கிட்னியும் இன்னும் முதிராதவை. பெரியவர்களுக்கான கணக்கு அங்கே செல்லாது, எடை பார்த்துத் துளித் துளியாக அளக்க வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது. இந்தப் பயம் என்றைக்காவது போகுமா? போகத்தான் வேண்டுமா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அம்மா. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையோடு வருகிற ஒவ்வொரு தாயிடமும் வீட்டில் என்ன மருந்து கொடுத்தாள் என்று கேட்பேன். பதில் வரும்வரை அந்தத் தொட்டில் பக்கத்திலேயே நிற்பேன்.

நீ பெற்ற மூத்த பிள்ளை,
சுகந்தி