ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் பந்தயம்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தை உங்கள் கையெழுத்தில் படித்து நாளாகிவிட்டது. போனில் உங்கள் குரல் அறுந்து அறுந்து வருகிறது. விட்டுப்போன பாதியை நானே இட்டு நிரப்பிக்கொள்கிறேன். எனக்குச் சாதகமாகத்தான் நிரப்புகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடுமாம்.

டாக்டர் சொன்னபடி படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. உங்கள் அக்கா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார். டிவியையும் மாடிக்குத் தூக்கி வந்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டவர், அங்கே அதட்ட முடியாத குறையை என்னிடம் தீர்த்துக்கொள்கிறார். நான் புரண்டு படுத்தால்கூட, "மெதுவா, மெதுவா, பின்னாடி பாத்துத் திரும்பு" என்கிறார். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் இல்லாமல் யாருக்கும் பிரேம் சரியாக உட்காரவில்லை என்றார். பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

பந்தயம் ஆரம்பித்துவிட்டது. கல்யாணமான புதிதில், மூன்று வாரம் விடாமல் நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து யாரோ சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தபோது, சரியான ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். இப்போது என்னைப் பாருங்கள். மதியம் மாத்திரை போட்டுக் கண் சொக்குகிற நேரத்துக்குச் சரியாக ஒளிபரப்பு தொடங்குகிறது. ஹெலிகாப்டரிலிருந்து காட்டுகிறார்கள். மஞ்சள் வயல், ஒரு ஆறு, ஒரு பாலம், அதன் மேல் கலர் கலராக அந்தக் கூட்டம். வர்ணனை செய்கிறவருக்குத் தாலாட்டுகிற குரல். அவர் பேசப் பேச நான் தூங்கிவிடுகிறேன். தூக்கத்திலும் சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் அந்தச் சாலை தண்ணீராகிவிடும். சைக்கிள்களுக்கு நடுவே உங்கள் கப்பல் மெதுவாகப் போகும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விழித்துப் பார்த்தால் கூட்டம் வேறு ஊருக்குப் போயிருக்கும், அக்கா ஜன்னல் திரையை இழுத்து விட்டிருப்பார்.

அக்காவுக்கு முதலில் இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. "ஒருத்தனும் கை காட்டித் திரும்ப மாட்டேங்கிறான்" என்று எல்லோரையும் ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தார். முந்தாநாள் முதலிடத்தில் இருப்பவர் சிறுநீர் கழிக்க ஓரமாக நின்றார். அவர் திரும்பி வந்து சேரும்வரை ஒருவரும் வேகமெடுக்காமல் மொத்தக் கூட்டமும் உருட்டிக்கொண்டே போனது. அக்காவுக்கு அது என்னவோ செய்துவிட்டது. "இவ்வளவு மரியாதை நம்ம ரோட்ல உண்டா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு முன்னால் டிவியைப் போடுவது அவர்தான்.

இந்த வருஷம் பந்தயம் நம் தெரு வழியாகப் போகிறது தெரியுமா? எதிர்ச் சலவைக்கடை அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மகன், அந்த ஒல்லி, இதில் சைக்கிள் ஓட்டுகிறான் அல்லவா. தன் அணியின் பெரிய ஆட்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்குவதும், எதிர்க்காற்றில் அவர்களுக்கு முன்னால் போய்க் காற்றைத் தான் வாங்கிக்கொள்வதும்தான் அவன் வேலை. டிவியில் அவன் முதுகைத் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை. மதியம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அந்த அம்மா மாடிக்கு வந்துவிடுகிறார். மகனைப் பற்றி, "அவன் தண்ணி சுமக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிக்கொண்டே திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவருக்கு ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

அன்றைக்கு வாசலில் நின்று பார்ப்பீர்களா என்று கேட்டேன். என்னை ஒரு அப்பாவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வாசல்ல நின்னா விர்ருன்னு போயிடுவான். தண்ணித்தொட்டி மேட்டுல நிக்கணும். அங்க மூச்சு வாங்கும், மெதுவாத்தான் வருவானுங்க, மூஞ்சி நல்லாத் தெரியும்" என்றார். ரசிகை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

லீவு கேட்டீர்களா? போன வாரமும் இதே கேள்வியைக் கேட்டேன், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. டாக்டர் இந்த மாதக் கடைசி என்கிறார். உள்ளே இருப்பவர் நன்றாக உதைக்கிறார். சாலை மேடேறும்போது கூடுதலாக உதைக்கிறார் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறைச் சூட்டிலிருந்து நேராகப் போய்க் காற்றில் நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
படுத்தபடியே எழுதுவதால் கையெழுத்து கோணலாகிப்போன உங்கள் மனைவி

*

அன்புள்ள கப்பல்காரருக்கு,

முந்தைய கடிதம் கைக்கு வருவதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று முன்தினம் போனில் உங்கள் குரல் அதிசயமாக அறுபடாமல் வந்தது. வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. எஞ்சின் அறையில் மூன்றே பேர், நான் கிளம்பினால் மற்ற இரண்டு பேர் தலையில் என் வேலையையும் கட்டுவதா, சீஃப் எஞ்சினியர் ஏற்கெனவே சிடுமூஞ்சி, அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்றீர்கள். இன்னும் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு, என்னைச் சமாதானப்படுத்த, "பாரேன், ஒருநாள் சொல்லாம கொள்ளாம வந்து வாசல்ல நிப்பேன்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். அக்கா பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்து விட்டார்.

நேற்று பந்தயம் நம் தெருவுக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சலவைக்கடை அம்மா கடையைப் பூட்டிவிட்டுத் தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போய்விட்டார். அக்காவும் மடக்கு நாற்காலியோடு கூடவே போய்விட்டார். கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. டிவியில் வானத்திலிருந்து நம் ஊரைக் காட்டினார்கள். நம் தெரு ஒரு விரல் அளவு இருந்தது. நம் மொட்டைமாடிக் கொடியில் உங்கள் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. இப்போது எனக்கு அதுதான் பொருந்துகிறது. உலகத்தில் எத்தனை பேர் அந்தச் சட்டையைப் பார்த்திருப்பார்கள், அவர்களில் நீங்கள் இருந்தீர்களா என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

கைதட்டல் கேட்டு விழித்தேன். டிவியில் கூட்டம் இன்னும் பாலத்தில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழேயோ ஒருவன் தனியாக வந்துவிட்டான். டிவி எப்போதும் கொஞ்சம் தாமதம்தானே. வந்தவன் ஒல்லி.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனால், அவன் கேட்டுக்கொண்டால், கூட்டம் அவனை முன்னால் விட்டுவிடும். அவன் போய் வீட்டு ஆட்களைப் பார்த்துவிட்டு, கூட்டம் வந்ததும் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அவனை முந்த மாட்டார்கள், அவனும் அதைச் சாக்காக வைத்து ஓடிவிட மாட்டான். அப்படித்தான் ஒல்லி வந்திருந்தான். வந்தவன் பூட்டிய ஷட்டரைப் பார்த்தான். கையால் தட்டினான். மறுபடியும் தட்டினான். அம்மா, ரசிகைக்குரிய இடத்தில் போய் நிற்கிறார். மகன், மகனுக்குரிய இடத்தில் வந்து நிற்கிறான். அவன் வரப்போவதை அவரிடம் சொல்லவே இல்லை. ரோட்டோரம் நின்றவர்களில் யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. எல்லோரும் அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். ஆமாம், எழுந்து நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி! அம்மா மேட்டுல நிக்கிறாங்க! தண்ணித்தொட்டி மேட்டுல!" என்று கத்தினேன். அவன் அண்ணாந்து பார்த்தான். டிவியில் இத்தனை வருஷமாக முதுகை மட்டுமே பார்த்த ஆளின் முகம். அழுதுவிடுகிற முகமாக இருந்தது.

அதற்குள் கூட்டம் வளைவில் திரும்பிவிட்டது. அவனுக்குக் கொடுத்த நேரம் முடிந்தது என்றுதான் அர்த்தம். முன்னால், மொத்தக் கூட்டமும் யார் பேச்சைக் கேட்குமோ அந்தத் தாடிக்காரர், நாம் எப்போதும் கடுகடுப்புத் திலகம் என்று கேலி செய்வோமே, அவரே வந்தார். பூட்டிய கடையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஏதோ கேட்டார். அவன் மேட்டுப் பக்கம் கை காட்டினான். தாடிக்காரர் இரண்டு கையையும் அகலமாக விரித்தார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் அடங்கிப்போனது. ஒரு கையால் ஒல்லியின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். அவன் பறந்தான்.

கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நடக்கிற வேகத்தில் என் ஜன்னலுக்குக் கீழே போனார்கள். தெரு முழுக்கச் செயின்கள் ஓடுகிற மெல்லிய சத்தம், வேறு சத்தமே இல்லை. ஒருவருக்கு முழங்கையில் கட்டு. ஒருவர் மிட்டாய்க் காகிதம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கொட்டாவி விட்டபடியே என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எல்லோரும் போன பிறகு திரும்பிப் பார்த்தால், டிவியில் ஒல்லி அப்போதுதான் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். போ தம்பி, அங்கே இல்லை, என்று மறுபடியும் சொன்னேன். கனவு கண்டேன் என்று அக்கா சொல்வார் என்று நினைத்தேன். நல்லவேளை, மேட்டில் நடந்ததை அவரே பார்த்திருக்கிறார்.

மேட்டில் மகன் இறங்கி வந்து கட்டிப்பிடித்தானாம். அந்த அம்மாவோ பதறிப்போய், "ஏத்தத்துல யாராவது நிப்பாட்டுவானாடா! திரும்ப எப்படிடா மிதிப்ப?" என்று திட்டிக்கொண்டே, முதுகில் இரண்டு கையையும் வைத்து அவனைத் தள்ளிவிட்டாராம். அவன் வேர்வை பட்ட தன் புடவையைத் துவைக்கவே போவதில்லை என்கிறார். சலவைக்கடைக்காரி சொல்கிற பேச்சா இது!

சாயங்காலம் டிவியில் அவனிடம் கேட்டார்கள், அம்மாவிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டான். தாடிக்காரரிடம் எப்போது அனுமதி கேட்டாய் என்றார்கள். பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து கேட்க நினைத்து, பயந்து பயந்து, அன்று காலையில்தான் கேட்டானாம். அவர், "இத்தனை நாள் ஏன் கேக்கல?" என்று மட்டும் சொன்னாராம்.

நான் எழுந்து நின்றதற்கு அக்கா ஆடித் தீர்த்துவிட்டார். உடனே டாக்டரைக் கூப்பிட்டார். துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பயமெல்லாம் எனக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜன்னல் கம்பியை விட்டுக் கட்டிலுக்குத் திரும்பும்போது, அந்த நாலடி தூரத்தில், போன தடவை நடந்தது முழுவதும் என் கண் முன்னால் வந்தது. அப்போது நீங்கள் கடலில் இருந்தீர்கள். எல்லாம் முடிந்து, அக்கா அந்தச் சின்னச் சின்னத் துணிகளை எடுத்து மறைத்து வைத்த பிறகு வந்தீர்கள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதனால் கேளுங்கள். சீஃபிடம் கேளுங்கள், அந்த இரண்டு பேரிடமும் கேளுங்கள். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு வாசல் இருக்கும். முடியாது என்று அவர்கள் சொன்னால் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் அவர்களுக்காக நீங்களே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். கிளம்பினால் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆச்சரியம் எதுவும் எனக்கு வேண்டாம்.

உங்கள் கடல் அமைதியாக இருக்கட்டும், உங்களோடு இருக்கிறவர்கள் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். வந்து எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தைரியம்கூடச் சொல்ல வேண்டாம். நான் உள்ளே வலியில் கத்தும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி